யார் வீட்டுப் பிள்ளை?

கோப்பைக் காளான் என்று ஒன்று உலகத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் அதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று விஞ்ஞானிகள் இருநூற்றைம்பது வருஷமாகப் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை வேறு மாதிரி பார்க்கத் தோன்றும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். படப்பை வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது படப்பை. பழந்தமிழில் இந்தச் சொல்லுக்கு வீட்டை ஒட்டிய தோட்டம், கொல்லை என்று அர்த்தம். பக்கத்து ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலை, 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலை என்று வரிசையாக வந்ததில், கொல்லை இருந்த இடங்களில் மனைப்பிரிவுக் கற்கள் முளைத்துவிட்டன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் சாரைசாரையாகப் போகின்றன. மாடுகள் மட்டும் இன்னும் பழைய படப்பையிலேயே வாழ்கின்றன. ரோட்டோரம் படுத்து அசை போடுகின்றன, சாணி போடுகின்றன.

அந்தச் சாணியில் ஒரு கைப்பிடி எடுத்து (போஸ்டர் தின்ற மாடாக இல்லாமல், புல் மேய்ந்த மாடாகப் பார்த்து), ஈரமான டிஷ்யூ பேப்பர் விரித்த கண்ணாடி பாட்டிலில் வைத்து, லேசாக மூடி, ஜன்னல் வெளிச்சம் படும்படி விட்டுவிடுங்கள். வீட்டில் திட்டினால் 'ரிசர்ச்' என்று சொல்லுங்கள். பல்கலைக்கழகங்களில் செய்வதும் ஏறக்குறைய இதேதான். முதல் சில நாளில் கண்ணாடி நூல் மாதிரி ஒரு பூஞ்சை எழுந்து அடங்கும். அதற்கப்புறம், ஒரு வாரம் பத்து நாளில், மஞ்சளாக, குண்டூசித் தலை அளவில், சின்னச் சின்னக் கிண்ணங்கள் முளைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கிண்ணத்துக்குள் கருஊதாப் புள்ளிகள் தெரியும். இதன் பெயர் அஸ்கோபோலஸ். கோப்பைக் காளான்களில் குட்டி.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு நீளப் பை. பைக்குள் எட்டு ஸ்போர்கள். பை வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்து, குறிபார்த்து, எட்டையும் சுடும். அவை எங்கோ புல்லில் போய் ஒட்டும். மாடு அந்தப் புல்லைத் தின்னும். வயிற்றுக்குள் போய் வெந்து வெளியே வந்தால்தான் அந்த ஸ்போர்களுக்கு முளைக்கவே மனசு வரும். இத்தனை ஏற்பாடும் நம் காலடியில், கம்பெனி பஸ் டயரிலிருந்து நாலு அடி தள்ளி நடந்துகொண்டிருக்கிறது.

இதன் பெரிய உறவினர்கள் ஈர மண்ணிலும் மக்கிய மரத்திலும் வருவார்கள். பழுப்பு நிறத்தில், டீ குடிக்கும் கிளாஸின் வாய் அளவுக்குக்கூட. நன்றாக முற்றிய ஒன்றின் மேல் வாயால் ஊதினால், ஒரு கணம் யோசித்துவிட்டு 'புஸ்' என்று புகை விடும். அத்தனையும் ஸ்போர்.

சரி, இவர்களை எப்படிக் குடும்பம் பிரிப்பது?

1753-ல் லின்னேயஸ் செய்தது, நீங்களும் நானும் செய்திருக்கக் கூடியதுதான். கிண்ணம் மாதிரி இருக்கிறதா? 'பிசைசா' என்று ஒரு பேரினம், எல்லாரும் உள்ளே போங்கள். அவருக்குப் பூஞ்சைகள் மேல் பெரிய பிரியம் கிடையாது. 1767-ல் வந்த பதிப்பில், பூஞ்சை விதைகளை, புழுக்களின் பிரிவில் 'கேயாஸ்' என்ற தலைப்பில் போட்டார். கேயாஸ் என்றால் குழப்பம். உலகத்தையே வகைப்படுத்தியவர், அலமாரியில் ஒரு டிராயருக்கு மட்டும் 'குழப்பம்' என்று லேபிள் ஒட்டினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் அரசாங்க ஆபீஸ்களில் அப்படி ஒரு டிராயர் இல்லை.

அவர் பிசைசாவுக்குள் அனுப்பியவற்றில் ஒன்று பறவைக்கூட்டுக் காளான். சின்னக் கிண்ணம், உள்ளே முட்டை மாதிரி நாலைந்து உருண்டைகள். மழைத்துளி வந்து விழும் வேகத்தில் முட்டைகள் தெறித்து வெளியே போகும். பார்க்க அச்சாகக் கோப்பைக் காளான்தான். ஆனால் பையும் கிடையாது, சுடுவதும் கிடையாது. அதன் சொந்தக்காரர், சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் பட்டன் காளான். நம் கோப்பைக் காளானோ, பட்டன் காளானைவிட ரொட்டி பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு நெருங்கிய சொந்தம். உருவத்தை நம்பி வீட்டுக்குள் விட்டால் இப்படித்தான்.

லின்னேயஸுக்குப் பின்னால் ஸ்வீடனிலேயே எலியாஸ் ஃப்ரீஸ் வந்தார். 1821 முதல் 1832 வரை வெளிவந்த அவருடைய பெரிய நூலில் கோப்பைகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்: முடி உள்ளவை, முடி இல்லாதவை, சதைப்பற்றானவை, இந்த நிறம், அந்த நிறம். எல்லாமே வெளியே தெரிவதை வைத்து.

ஒரகடத்து ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பையனைக் கேட்டால் இதிலுள்ள ஓட்டையை உடனே சொல்லிவிடுவான். இரண்டு போல்ட்டுகள் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே பளபளப்பாக இருக்கலாம். தலையில் ஒன்றில் 8.8 என்றும் மற்றதில் 10.9 என்றும் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் மாற்றிப் போட்டால் வண்டி ஓடும்போது தெரியும். வகைப்படுத்துவது என்றால் முதலில் எங்கே பார்ப்பது என்று முடிவு செய்வது.

காளானின் தலை எண்ணைக் கண்டுபிடித்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். பிரான்ஸில் எமில் பூடியே. 1885-ல் அவர், நிறம், முடி எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் ஸ்போர் பை எப்படித் திறக்கிறது என்று பாருங்கள் என்றார். சிலவற்றில் பையின் நுனி, டிபன் பாக்ஸ் மூடி மாதிரி ஒரு கீலில் திறக்கிறது. சிலவற்றில் மூடி இல்லை, வெறும் துவாரம். மூடி உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அகலமுள்ள ஒரு மூடியை வைத்து ஒரு சாம்ராஜ்யத்தையே இரண்டாக வெட்டினார். கேட்க அபத்தமாக இருந்தாலும் பெரும்பாலும் சரியாக இருந்தது. பிற்பாடு ஐயோடினும் உதவிக்கு வந்தது. பிசைசா குடும்பத்தில் பலவற்றின் பை நுனியில் ஒரு சொட்டு ஐயோடின் விட்டால் நீலமாகும்.

அப்புறம் டி.என்.ஏ. வந்தது. 2001-ல் கேரன் ஹான்சன், தாமஸ் லெஸ்ஸோ, டொனால்ட் ஃபிஸ்டர் மூவரும் பிசைசா குடும்பத்தின் மரபணுவை ஒப்பிட்டு ஒரு வம்சாவளி போட்டார்கள். பிசைசா என்று ஒரே பெயரில் இருந்தவை வம்சாவளியில் ஒரே கிளையில் இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். நடுநடுவே, கிண்ணமாகவே இல்லாத உருண்டைகள்.

அந்த உருண்டைகளில் ஒன்றை நம்மவர்களில் சிலர் சாப்பிட்டே இருப்பார்கள். குவைத்தில் வேலை பார்த்த உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். குளிர்கால மழைக்குப் பிறகு பாலைவன மணலைத் தோண்டி எடுத்து, 'ஃபகா' என்று கூடை கூடையாக விற்பார்கள். உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். விலையைக் கேட்டால் உருளைக்கிழங்கு நினைவே வராது. கிண்ணம் இல்லை, மூடி இல்லை, சுடுவது இல்லை. ஆனாலும் பிசைசா குடும்பத்துப் பிள்ளைதான். வறண்ட நிலத்தில் வாய் திறந்து உட்கார்ந்திருந்தால் காய்ந்து போவோம் என்று, தலைமுறை தலைமுறையாகக் கிண்ணத்தை மூடிக்கொண்டு மண்ணுக்குள் போய்விட்டது. காற்றில் சுட வழியில்லாததால், வாசனை விட்டு விலங்குகளைக் கூப்பிட்டுத் தோண்ட வைக்கிறது. அவற்றில் வெள்ளையாக இருக்கும் டிர்மேனியா என்ற வகையின் பையில் ஐயோடின் சொட்டினால் இன்றைக்கும் நீலமாகிறது. ஊரை விட்டு, உடையை விட்டு, தொழிலை விட்டுப் போன பிள்ளையிடம் பாட்டி வீட்டு அடையாளம் ஒன்று மிச்சமிருப்பது மாதிரி.

ஆக, தோற்றத்தை வைத்துப் பிரித்தால் இரண்டு தப்பு வரும். சொந்தமே இல்லாத பறவைக்கூட்டுக் காளான் உள்ளே வந்துவிடும். சொந்தப் பிள்ளையான ஃபகா வெளியே நிற்கும். இந்த இரண்டையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் தேவைப்படும்.

அதற்கு முன் நம்மூர்க் கதை ஒன்று. பூஞ்சைகளில் ஏராளமானவை கிண்ணமோ குடையோ எதுவும் காட்டாமல் வெறும் தூளாக, ரொட்டியிலும் சுவரிலும் படர்ந்து கிடப்பவை. ஆண்-பெண் கலப்பில் உண்டாகும் ஸ்போர் இவற்றில் கண்ணில் படுவதில்லை. அதனால் புத்தகங்களில் இவற்றுக்கு ஒரு தனித் தலைப்பு: 'நிறைவுறாத பூஞ்சைகள்'. குறை யாருடையது என்று பாருங்கள். அந்தப் பூஞ்சை நிம்மதியாகத்தான் இருக்கிறது. அதன் மறு பாதியை நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்காதது நம் குறை. பட்டம் அதன் தலையில்.

ஸ்டெரிலைஸ் செய்த மண்ணிலும் காளான் வளர்ப்புப் பாத்திகளிலும் பழுப்புத் தூளாகப் பரவும் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் வைத்து இந்த 'நிறைவுறாத' வகையில் சேர்த்திருந்தார்கள். அதே இழையிலிருந்து பிறகு எழுந்தது ஒரு கோப்பைக் காளான்! அதற்கு ஏற்கெனவே பிசைசா என்ற பெயர். ஒரே உயிர், இரண்டு பெயர், இரண்டு ரெஜிஸ்டர். இப்படி இரட்டைப் பெயரோடு நூற்றுக்கணக்கான பூஞ்சைகள் வாழ்ந்தன. 2011-ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாட்டில்தான் இனி ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்று முடிவெடுத்தார்கள்.

இந்தத் தூள் பூஞ்சைகளை, நிறத்தையும் ஸ்போரில் எத்தனை அறை என்பதையும் வைத்து அடுக்கும் முறையை இத்தாலியில் சக்கார்டோ ஏற்படுத்தியிருந்தார். லைப்ரரியில் புத்தகங்களை அட்டைக் கலர் வாரியாக அடுக்குவது போல. தேட வசதி. உறவு தெரியாது. 1953-ல் கனடாவில் ஹியூஸ் என்பவர், ஸ்போர் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள் என்றார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையிலிருந்த சி.வி. சுப்ரமணியன் 1962-ல் அந்த யோசனையை எடுத்து, பிறக்கும் விதத்தை வைத்து இவற்றுக்குக் குடும்பங்களே அமைத்துக் காட்டினார். 'நிறைவுறாதவை' என்று ஒதுக்கியவர்களையும் மற்றவர்களைப் போலவே பொறுமையாக விசாரித்தவர் அவர். 2016-ல் காலமானார். பூஞ்சையியலில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

இப்போது உங்களுக்கு ஒரு நெருடல் வந்திருக்க வேண்டும். 'பிறப்பைப் பார், தோற்றத்தைப் பார்க்காதே' என்றால், அதைத்தானே சாதி சொல்கிறது? எதற்கு இத்தனை பேர் தமிழ்நாட்டில் அதை எதிர்த்துத் தொண்டை வறளப் பேசினார்கள்?

நியாயமான கேள்வி. என் பதில் இது: வம்சாவளி யார் யாருக்கு உறவு என்று சொல்கிறது. யார் மேல், யார் கீழ் என்று அதில் எழுதியிருப்பதே இல்லை. ஹான்சன் போட்ட வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் அர்த்தம் மாறாது. சாணியில் முளைத்த அஸ்கோபோலஸ் எந்த ஃபகாவுக்கும் தீண்டத்தகாதது இல்லை. சாதி, உறவைச் சொல்கிற சாக்கில் படிக்கட்டைக் கட்டியது. அந்தப் படிக்கட்டு ஸ்போரிலும் இல்லை, ரத்தத்திலும் இல்லை.

படிக்கட்டின் அடியில் நின்றவர்களுக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்றால், அவர்கள் யார் என்று தெரிய வேண்டுமே. அதற்காகச் சட்டமே மறுபடி வகைப்படுத்த உட்காருகிறது. அங்கேதான் நாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவுக்கு வந்து சேருகிறோம்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஏரிக்கரை ஓரமும் செங்கல் சூளை ஓரமும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. பட்டியல் பழங்குடியினர். ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள், காலேஜில் சேர எஸ்.டி. சான்றிதழ் வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இல்லை, அவர் எதற்கும் விண்ணப்பித்ததே இல்லை. தாத்தா பெயரில் பட்டா இல்லை. பிறந்ததற்கு ஒரு காகிதம்கூட இருந்ததில்லை. விசாரிக்க வருபவர் பார்க்கிறார்: சுடிதார் போட்டிருக்கிறாள், கையில் செல்போன், நன்றாகப் பேசுகிறாள். 'இருளர் மாதிரி இல்லையே?'

மாதிரி! இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் லின்னேயஸ் செய்தது இதே வேலைதான்.

அதிகாரியை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 1994-ல் சுப்ரீம் கோர்ட், மாதுரி பாட்டீல் வழக்கில், பொய்ச் சான்றிதழ்களைத் தடுக்க ஒரு நடைமுறை வகுத்தது. பழங்குடி என்று சொல்பவரின் தெய்வம் எது, சடங்கு என்ன, கல்யாணம் எப்படி, சாவுச் சடங்கு எப்படி, எப்படிப் புதைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரிக்கலாம் என்றது. காரணம் நியாயமானது. பறவைக்கூட்டுக் காளான்கள் நிஜமாகவே உண்டு. வேறு யாரோ பொய்க் காகிதம் காட்டி உட்கார்ந்துவிட்ட ஒவ்வொரு ஸீட்டும், ஏரிக்கரைப் பெண் ஒருத்திக்குக் கிடைக்காமல் போன ஸீட்.

ஆனால் இந்தப் பரீட்சையில் யார் பாஸாவார்கள் என்று யோசியுங்கள். மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணம் முடிக்கிறார்கள் என்பது அச்சில் வந்த விஷயம். ஏமாற்ற நினைப்பவர் அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தைப் பற்றியும் படித்துக்கொண்டு போகலாம். நிஜமான இருளர் பெண்ணோ, சூளையில் வளர்ந்து, ஹாஸ்டலில் படித்தவள். பாம்பைக் கண்டால் உங்களைப் போலவே ஓடுவாள். மாமல்லபுரத்துக்குப் போகப் பல வருஷம் பஸ் காசு இருந்திருக்காது. பொய் சொல்பவர் உள்ளே, பிள்ளை வெளியே. ஒரே பரீட்சையில் இரண்டு தப்பும்.

சுப்ரீம் கோர்ட்டே இதைப் பிறகு உணர்ந்தது. 2011-ல் ஆனந்த் என்பவரின் வழக்கில், இடப்பெயர்ச்சியும் நவீன வாழ்க்கையும் பழங்குடிகளின் பழக்கங்களை மாற்றிவிடும், அதனால் பழக்கவழக்கப் பொருத்தத்தையே இறுதிச் சோதனையாக வைக்க முடியாது என்றது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதி செய்தது. படித்து, ஊர் மாறி, வேறு மாதிரி வாழ்வதற்காகத்தான் இடஒதுக்கீடே. அப்படி மாறியதையே காரணமாகக் காட்டி ஒருவரை 'நீ இல்லை' என்று சொன்னால், கொடுத்த கையாலேயே பிடுங்கின மாதிரி.

'அப்படியானால் மனிதர்களுக்கும் டி.என்.ஏ. டெஸ்ட் வைத்துவிடலாமே' என்று ஒரு புத்திசாலி கேட்பார். முடியாது, வேண்டவும் வேண்டாம். ஃபகாவின் உறவு அதன் உடம்புக்குள் எழுதியிருக்கிறது. இருளர் என்பது உடம்புக்குள் எழுதிய விஷயம் இல்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போனார்கள், ஊரார் அந்தத் தெருவை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கிணற்றடியில் யாரை நிறுத்தி வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதை அக்கம்பக்கத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். நேரம் பிடிக்கும், நடந்து போக வேண்டும், காலில் சேறு படும். சாணியில் பத்து நாள் கோப்பைக்குக் காத்திருப்பவர்கள் செய்யும் வேலை மாதிரி.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காளானைத் தப்பான குடும்பத்தில் போட்டால் காளானுக்கு ஒன்றும் ஆவதில்லை. லின்னேயஸ் என்ன பெயர் வைத்தாலும் பறவைக்கூட்டுக் காளான் மழைக்குக் காத்திருக்கும். தப்பின் செலவு முழுக்க விஞ்ஞானிக்கு. அந்தப் பெண் விஷயத்தில் தப்பு செய்பவருக்கு ஒரு செலவும் கிடையாது. மாதச் சம்பளம் வந்துவிடும். முழுச் செலவும் அவள் கணக்கில். அப்படி இருக்கும்போது, 'நான் யார் என்று நிரூபிக்கிறேன்' என்று அவளை அலையவிடுவதா, 'நீ இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டும்' என்று ஆபீஸ் அலைவதா? சட்டம் இப்போதைக்கு நிரூபிக்கும் பாரத்தை விண்ணப்பிப்பவர் மேல்தான் வைத்திருக்கிறது. காகிதம் உள்ள குடும்பங்களுக்கு அது சரியாக இருக்கலாம். காகிதமே கொடுக்கப்படாத குடும்பத்திடம் காகிதம் கேட்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்துப் பாருங்கள்.

பூஞ்சைகளைக் காயவைத்துக் கவரில் போட்டுப் பாதுகாக்கும் ஹெர்பேரியங்களில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பெயர் தப்பு என்று பிற்பாடு வருபவருக்குத் தோன்றினால், பழைய லேபிளைக் கிழிப்பதில்லை, அடிப்பதும் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவார். இது இன்னது என்று நான் கருதுகிறேன், என் பெயர், தேதி. ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் வந்து அதன் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுவார். நூறு வருஷத்துக் கவர்களில் மூன்று நாலு சீட்டுகள் வரிசையாக இருக்கும். யார் எப்போது என்ன நினைத்தார் என்று எல்லாம் தெரியும். காளான் உள்ளே அவசரமில்லாமல் படுத்திருக்கும்.

அந்தப் பெண்ணின் மனு தள்ளுபடியானால் அவளும் மேல்முறையீடு செய்யலாம், வழி இருக்கிறது. காலேஜ் அட்மிஷனுக்குக் கடைசித் தேதியும் இருக்கிறது.